சுடோ இல்லாமல் ஒரு லினக்ஸ்

2001 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு கைக்கணினி அறிமுகமானது. சிம்ப்யூட்டர் என்று பெயர். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தினரும் சேர்ந்து அமைத்த அறக்கட்டளையின் படைப்பு அது. கர்நாடக அரசு நில ஆவணங்களைப் பதியும் வேலைக்குக்கூட அதைப் பயன்படுத்திப் பார்த்தது. 2004-இல் பிகோபீட்டா நிறுவனம் பாரத் எலெக்ட்ரானிக்ஸுடன் சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்த அமிடா சிம்ப்யூட்டரில் 206 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் இருந்தன. உள்ளே ஓடியது லினக்ஸ்.

இத்தகைய சிறு கருவியின் மென்பொருளை அந்தக் கருவியிலேயே உட்கார்ந்து யாரும் உருவாக்குவதில்லை. பெரிய கணினி ஒன்றில் நிரல்களைத் தொகுத்து, கருவிக்குள் இருக்கவேண்டிய அத்தனை கோப்புகளையும் ஓர் அடைவுக்குள் அடுக்கி, முழுவதையும் ஒரே இமேஜாக மூட்டைகட்டி ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவார்கள். வீட்டு ரூட்டர், செட்டாப் பெட்டி, காரின் திரை என்று லினக்ஸ் ஓடும் எல்லாக் கருவிகளுக்கும் இன்றும் இதுதான் வழி. அந்தக் கோப்பு மரத்துக்கு ரூட் ஃபைல் சிஸ்டம் என்று பெயர்; பெங்களூர் அலுவலகங்களில் பேச்சுவழக்கில் ரூட்எஃப்எஸ்.

இங்கே ஒரு முரண் எழுகிறது. அந்த மரத்தின் பெரும்பாலான கோப்புகள், லினக்ஸில் எல்லா அதிகாரமும் படைத்த ரூட் என்னும் பயனருக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். மரத்தை வளர்க்கும் பொறியாளரோ ரூட் அல்ல. பலர் பகிர்ந்துகொள்ளும் பில்ட் சர்வரில் அவரும் ஒரு சாதாரணப் பயனர். பயனர் எண் 1000 அல்லது அதற்கு மேல். ரூட்டின் எண் 0. ஆயிரமாவது ஆள் பூஜ்ஜியத்தின் சொத்தை உருவாக்குவது எப்படி? உருவாக்கியபின் அதிலுள்ள ஒரு கோப்பை, தன் கணினிக்கும் கருவிக்கும் கேடு வராமல் திருத்துவது எப்படி?

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்றொரு குறிப்பு உண்டு. உரிமையாளரின் எண், குழுவின் எண், யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்ற அனுமதிகள் எல்லாம் அதில் இருக்கும். கோப்பின் பெயர் அதில் இருக்காது. பெயரை அடைவு வைத்துக்கொள்கிறது. உரிமையாளரை மாற்ற சோன் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் சாதாரணப் பயனர் அதைக் கொடுத்துத் தன் கோப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முயன்றால் லினக்ஸின் மையமான கெர்னல் மறுத்துவிடும். காரணம் எளிது. இயக்குபவர் யாராக இருந்தாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடவை என்று சொல்லும் செட்யூஐடி என்ற அனுமதி லினக்ஸில் உண்டு. தான் எழுதிய நிரலை அந்த அனுமதியோடு ரூட்டின் பெயருக்கு மாற்ற எவராலும் முடியுமென்றால், எவரும் ரூட் ஆகிவிடலாம். சாதனக் கோப்புகளுக்கும் இதே கதைதான். வன்தட்டுக்கு நேரடி வாசலாக அமையும் சாதனக் கோப்பை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்றால் கோப்பு அனுமதிகளுக்குப் பொருளே இல்லை.

பழைய தீர்வு, சுடோ. பில்ட் முழுவதையும் ரூட் அதிகாரத்தில் ஓட்டிவிடுவது. வேலை முடியும். ஆனால் மரத்துக்குள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவுக்கும், பில்ட் சர்வரின் சொந்த யூஎஸ்ஆர் அடைவுக்கும் இடையே இருப்பது பாதையின் முன்னொட்டு மட்டும்தான். ஸ்கிரிப்ட்டில் அந்த முன்னொட்டைத் தாங்கும் மாறி ஒருநாள் காலியாக இருந்தால், கருவிக்கான அடைவை அழிக்கப் போன கட்டளை சர்வரின் அடைவை அழிக்கும்.

இது வெறும் கற்பனை அல்ல. 2011-இல் பம்பிள்பீ என்ற வரைகலைத் திட்டத்தின் நிறுவு ஸ்கிரிப்ட்டில் யூஎஸ்ஆர் என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி தவறி விழுந்திருந்தது. உள்ளடைவு ஒன்றை மட்டும் அழிக்கவேண்டிய கட்டளை, ரூட் அதிகாரத்தில் ஓடி, யூஎஸ்ஆர் முழுவதையும் அழித்தது. 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் ஸ்கிரிப்ட்டிலும் இதே வகைப் பிழை: மாறி காலியாகிப்போய், அழிக்கும் கட்டளை மரத்தின் வேரிலிருந்தே தொடங்கியது. ஆனால் அது சாதாரணப் பயனராக ஓடியதால் கணினியின் அமைப்பு தப்பியது; பயனரின் சொந்தக் கோப்புகள்தான் போயின. ரூட் இல்லாமல் வேலை செய்வது பிழையைத் தடுக்காது, பிழையின் எல்லையைச் சுருக்கும் என்பது விளங்க இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

ரூட் இல்லாமல் எப்படி என்பதற்கான முதல் பெரிய விடை 1997-இல் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வட்டாரத்திலிருந்து வந்தது. யோஸ்ட் விட்டவீன் எழுதிய ஃபேக்ரூட். அதன் தந்திரம் இது: நிரல்கள் கெர்னலிடம் நேரடியாகப் பேசுவதில்லை; பெரும்பாலும் சி நூலகத்தின் வழியாகத்தான் கேட்கின்றன. ஃபேக்ரூட் அந்த நூலகத்துக்கு முன்னால் தன் சிறு நூலகத்தைச் செருகிவிடும். நிரல் 'இந்தக் கோப்பை 0-க்கு மாற்று' என்று கேட்டால், கெர்னல் மறுத்தாலும் 'மாற்றிவிட்டேன்' என்று பதில் வரும். உண்மையில் கோப்பு இன்னும் 1000-இன் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் பின்னணியில் ஓடும் ஃபேக்டு என்ற துணை நிரல், 'இந்த வட்டில் இந்த ஐநோடு எண்ணுக்கு உரிமையாளர் 0' என்று குறித்துக்கொள்கிறது. பிறகு எந்த நிரல் அந்தக் கோப்பின் உரிமையாளர் யார் என்று கேட்டாலும், குறிப்பைப் பார்த்து 0 என்றே சொல்லும். கடைசியில் டார் நிரல் மூட்டைகட்டும்போதும் அதே பதில்தான் கிடைக்கும். மூட்டைக்குள் 0 என்று எழுதிவிடும். கருவியில் மூட்டையைப் பிரிக்கும்போது பொய் மெய்யாகிறது.

இதில் மோசடி எதுவும் இல்லை. மூட்டை என்பது வெறும் தரவு. தன் சொந்தக் கோப்பில் எந்த எண்ணையும் எழுத யாருக்கும் உரிமை உண்டு. அந்த எண் அதிகாரமாக மாறுவது, கருவியின் ரூட் அதைப் பிரிக்கும்போது மட்டும்தான்.

நிலத்தின் உரிமையாளர் பெயர் மண்ணில் எழுதப்பட்டிருப்பதில்லை; வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. ஃபேக்ரூட் மரத்திலும் அப்படித்தான். கோப்பு ஓரிடம், உரிமை வேறிடம். பதிவேட்டுக்குத் தெரியாமல் நிலம் கைமாறினால் என்ன வழக்கெல்லாம் வருமோ, அதே வழக்கெல்லாம் இங்கும் வரும். ரூட் இல்லாமல் கட்டிய மரத்தைத் திருத்துவதன் சிக்கல் முழுவதும் இந்த ஒரு பிளவிலிருந்தே பிறக்கிறது.

ஒரு பொறியாளர் மரத்துக்குள் போய் ஓர் அமைப்புக் கோப்பைத் தன் எடிட்டரில் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. புதிய கோப்பு ஒன்றை எழுதி, பழையதன் பெயரை அதற்குச் சூட்டுகின்றன. பெயர் அதே, ஐநோடு புதிது. பதிவேடோ ஐநோடு எண்ணைப் பார்த்தே பேசும்; புதிய எண்ணைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஆகவே இமேஜில் அந்தக் கோப்பு 1000-இன் சொத்தாக ஏறிவிடும்.

கருவியில் என்ன ஆகும்? சில நிரல்கள் கண்டிப்பானவை. சுடோவின் நிரல்கோப்பு ரூட்டின் பெயரில் இல்லையென்றால் சுடோ ஓட மறுக்கும். எஸ்எஸ்ஹெச் சர்வர் தன் அடைவு ரூட்டுக்குச் சொந்தமில்லை என்று கண்டால் தொடங்கவே மறுக்கும். அவை நல்ல பிழைகள், உடனே தெரிந்துவிடும். மோசமானது சத்தமில்லாத பிழை. பல லினக்ஸ் வகைகளில் கருவியில் முதன்முதலாக உருவாக்கப்படும் சாதாரணப் பயனருக்கு 1000 என்ற எண்ணே கிடைக்கும். கடவுச்சொற்களைக் காக்கும் ஷேடோ கோப்பு 1000-இன் பெயரில் போயிருந்தால், அந்தப் பயனர் ஒன்றும் செய்யாமலே அதன் உரிமையாளர் ஆகிவிடுவார்.

தலைகீழாகவும் நடக்கலாம். பதிவேட்டுக்குத் தெரியாமல் ஒரு கோப்பை வெளியிலிருந்து அழிக்கிறோம். அதன் ஐநோடு எண் காலியாகிறது. கெர்னல் அந்த எண்ணைப் பிறகு வேறொரு கோப்புக்குக் கொடுக்கிறது. பதிவேட்டில் பழைய குறிப்பு அப்படியே இருப்பதால், செத்த கோப்பின் உரிமையும் அனுமதியும் புதிய கோப்பின்மேல் ஏறிக்கொள்கின்றன. பழையது ஒரு சாதனக் கோப்பாக இருந்தால் ஒரு சாதாரண உரைக் கோப்பும் சாதனமாகத் தோற்றமளிக்கும்.

ஃபேக்ரூட்டின் குறிப்புகள் அதன் ஓட்டம் முடிந்ததும் மறைந்துவிடும். சேமித்து மீண்டும் ஏற்ற விருப்பத் தேர்வு உண்டு என்றாலும் அதை நினைவாகக் கேட்கவேண்டும். பல மணி நேரம், பல கட்டங்களாக ஓடும் பில்டுக்கு இது போதவில்லை. 2010-இல் விண்ட் ரிவர் நிறுவனத்தில் பீட்டர் சீபாக் எழுதிய சூடோ (pseudo; மேலே கண்ட சுடோ அல்ல) என்ற கருவி, குறிப்புகளை எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் நிலையாக வைத்தது. அதே ஆண்டு லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த, கருவிகளுக்கான லினக்ஸைக் கட்ட உதவும் யோக்டோ திட்டம் அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. சூடோ ஐநோடு எண்ணோடு பாதையையும் சேர்த்துக் குறித்துவைக்கும். எண் பொருந்தி, பாதை பொருந்தாவிட்டால் யாரோ வெளியிலிருந்து கைவைத்திருக்கிறார்கள் என்று அறிந்து பில்டையே நிறுத்திவிடும். யோக்டோவில் புதிதாகச் சேருபவர்கள் இந்த நிறுத்தத்தைக் கண்டு எரிச்சலடைவார்கள். அது காவல்காரன் போடும் சத்தம். தொகுப்புகளுக்குள் பில்ட் பயனரின் எண் கசிந்திருக்கிறதா என்று தனியாகச் சோதித்து எச்சரிக்கும் ஏற்பாடும் யோக்டோவில் இருக்கிறது.

நூலகத்தைச் செருகும் இந்த வழிக்கு ஒரு ஓட்டை உண்டு. சி நூலகத்தைத் தனக்குள்ளேயே பிணைத்துக்கொண்ட ஸ்டாட்டிக் நிரல்களிடமும், கெர்னலிடம் நேரடியாகப் பேசும் நிரல்களிடமும் அது பலிக்காது. கோ மொழியில் எழுதிய பல நிரல்கள் இந்த வகை. அவற்றுக்குப் பதிவேடு இருப்பதே தெரியாது.

கெர்னலே வேறொரு வழியைத் திறந்தது. 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 3.8-இல் சாதாரணப் பயனரும் யூசர் நேம்ஸ்பேஸ் ஒன்றை உருவாக்க வழி பிறந்தது. அதற்குள் நுழைந்த பயனருக்குத் தான் 0. வெளியே பார்ப்பவருக்கு அவர் அதே 1000. அவருக்கென ஒதுக்கிய துணை எண்கள், வழக்கமாக 100000 முதல் 65536 எண்கள், உள்ளேயிருக்கும் மற்ற பயனர்களாக வேடம் போடும். உள்ளே 33 என்ற எண்ணுடைய வலைப்பயனருக்குக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால், வட்டில் உண்மையாகவே 100032 என்ற எண் எழுதப்படும். இங்கே பொய்ப் பதிவேடு இல்லை. மொழிபெயர்ப்பு அட்டவணை மட்டுமே. ஸ்டாட்டிக் நிரலும் தப்பமுடியாது. ரூட் இல்லாமல் ஓடும் பாட்மேன் கன்டெய்னர்களும், டெபியன் மரங்களைக் கட்டும் எம்எம்டெப்ஸ்ட்ராப்பும் இந்த வழியில்தான் நடக்கின்றன.

இதிலும் விதி மாறவில்லை. நேம்ஸ்பேஸுக்கு வெளியே நின்று அந்த மரத்தைத் தொட்டால், 100032-க்குச் சொந்தமான அடைவுக்குள் இருக்கும் கோப்பை அழிக்கக்கூட முடியாது. திருத்திய கோப்பு உள்ளே தவறான உரிமையோடு தெரியலாம். சாதனக் கோப்புகளை நேம்ஸ்பேஸுக்குள்ளும் கெர்னல் உருவாக்க விடுவதில்லை. கெர்னலின் பல வாசல்களைச் சாதாரணப் பயனருக்குத் திறந்துவிடுகிறது என்ற கவலையால் உபுண்டு 24.04-இல் இந்த வசதிக்குக் கட்டுப்பாடும் வந்திருக்கிறது.

உரிமையைத் தாண்டி இன்னொரு பொறி, சிம்லிங்க். இன்றைய லினக்ஸ் மரங்கள் பலவற்றில் டிஎன்எஸ் முகவரியைச் சொல்லும் ரிசால்வ் கோப்பு உண்மையான கோப்பல்ல. ரன் அடைவிலுள்ள வேறொன்றைச் சுட்டும் சிம்லிங்க். சில மரங்களில் அது சுட்டுவது முழுப் பாதையால். கருவிக்குள் அந்தப் பாதை சரி. பில்ட் சர்வரில் நின்று 'மரத்துக்குள் இருக்கும் ரிசால்வ் கோப்பில் எழுது' என்றால், கெர்னல் சிம்லிங்கைப் பின்தொடர்ந்து சர்வரின் சொந்த ரன் அடைவுக்குப் போய்விடும். சுடோவில் இருந்தால் சர்வரின் டிஎன்எஸ் அமைப்பு காலி. சாதாரணப் பயனராக இருந்தால் 'அனுமதி இல்லை' என்ற ஒரு வரியோடு தப்பிக்கலாம்.

டாக்கரிலும் இதே இனத்துக் குறை இருந்தது. கன்டெய்னருக்கு உள்ளும் வெளியும் கோப்பை நகலெடுக்கும் கட்டளை பாதையைச் சோதித்த கணத்துக்கும் பயன்படுத்திய கணத்துக்கும் நடுவே, உள்ளே இருக்கும் தீய நிரல் சிம்லிங்கை மாற்றிவைத்தால் ஹோஸ்ட்டின் கோப்புகளையே தொடமுடிந்தது. அதைக் கண்டறிந்தவர் அலெக்சா சராய். அவர் உழைப்பால் லினக்ஸ் 5.6-இல், 2020-இல், ஓபன்அட்2 என்ற சிஸ்டம் கால் வந்தது. 'இந்த அடைவையே வேர் என்று கொண்டு பாதையைத் தேடு' என்று அதனிடம் சொல்லலாம். முழுப்பாதைச் சிம்லிங்கும் மரத்தைத் தாண்டாது. மரத்தை இடையில் வேறு யாரும் மாற்றாத இடத்தில், ஷெல்லில் வேலை செய்பவர்களுக்கு அதைவிட எளிய வழி, எழுதுமுன் இலக்கு சிம்லிங்கா என்று பார்ப்பது.

ஹார்ட் லிங்க் இன்னொரு வகை. ஒரே ஐநோடுக்குப் பல பெயர்கள். இடமும் நேரமும் மிச்சமாகும் என்பதால் பில்ட் அமைப்புகள் மரத்தை நகலெடுக்காமல் ஹார்ட் லிங்க் போட்டே பெருக்குகின்றன. அப்படிப்பட்ட கோப்பின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தால், அந்த ஐநோடைப் பகிரும் எல்லா மரங்களிலும் வரி சேரும். மூலத் தொகுப்பும் மாறிப்போகும். இங்கே புதிய கோப்பு எழுதிப் பெயர் மாற்றுவதுதான் சரியான முறை. அதே வட்டில் தற்காலிகக் கோப்பை எழுதி, அனுமதியும் உரிமையும் கூடுதல் பண்புகளும் பழையதைப் போலவே அமைத்து, பிறகு பெயர் மாற்றவேண்டும். பெயர் மாற்றம் ஒரே அசைவில் நடப்பதால் பாதி எழுதிய கோப்பு யார் கண்ணிலும் படாது. இவை அனைத்தும் ஃபேக்ரூட்டுக்கோ சூடோவுக்கோ உள்ளே நின்று நடந்தால், புதிய ஐநோடும் பதிவேட்டில் ஏறிவிடும்.

பெயருக்கும் எண்ணுக்கும் உள்ள குழப்பம் தனி. சர்வரில் ஒரு சேவைப் பயனரின் எண் ஒன்றாகவும், கருவியின் பயனர் பட்டியலில் அதே பெயருக்கு வேறொன்றாகவும் இருக்கலாம். சோன் கட்டளையில் பெயரைக் கொடுத்தால் அது சர்வரின் பட்டியலைத்தான் பார்க்கும். சூடோவுக்குக் கருவியின் பட்டியலைச் சுட்டிக்காட்டும் வசதி இருப்பது இதற்காகத்தான். அந்த வசதி இல்லாத இடத்தில் எண்ணையே எழுதவேண்டும்.

இத்தனை பொறிகளையும் ஒரே அடியில் தாண்டுவதற்கும் ஒரு வழி இருக்கிறது: மரத்தில் உரிமையையே வைக்காமல் விடுவது. கெர்னல் மூலநிரலோடு வரும் ஒரு சிறு கருவி, 'இந்தப் பாதை, இந்த அனுமதி, இந்த எண்' என்று வரிவரியாக எழுதிய பட்டியலைப் படித்து நேரடியாக ஆவணக்கோப்பை உண்டாக்கும். கன்சோல் என்ற சாதனக் கோப்பும் அதில் ஒரு வரிதான். எந்த வட்டிலும் அதை உருவாக்கத் தேவையில்லை. பில்ட்ரூட் அமைப்பில் அனுமதிப் பட்டியலும் பயனர் பட்டியலும் தனி உரைக் கோப்புகள். ஆண்ட்ராய்டிலும் எந்த அடைவுக்கு எந்த எண் என்ற அட்டவணை மூலநிரலிலேயே இருக்கிறது. இமேஜ் செய்யும்போது அது பொருத்தப்படுகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏத்தர் நிறுவனத்தின் 450எக்ஸ் மின் ஸ்கூட்டர் திரையில் ஓடுவது ஆண்ட்ராய்டுதான். டெபியனும் இந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது: மூட்டைக்குள் எல்லாம் ரூட்டுக்கே என்று நேரடியாக எழுதும் வசதி அதன் தொகுப்புக் கருவிக்கு வந்தபின், பெரும்பாலான தொகுப்புகளுக்கு ஃபேக்ரூட்டே தேவைப்படவில்லை. டெபியனை அடியாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கும் பாஸ் லினக்ஸ் போன்றவற்றுக்கும் இந்த மாற்றத்தின் பலன் தானாக வந்துசேரும்.

முறைகளில் எது மேல் என்றால், பட்டியல் முறைதான். பட்டியல் உரைக்கோப்பு, கிட் (git) களஞ்சியத்தில் வைக்கலாம், யார் எப்போது எந்த அனுமதியை மாற்றினார் என்று பின்னால் பார்க்கலாம். ஃபேக்ரூட்டும் சூடோவும் பழைய ஸ்கிரிப்ட்டுகளைத் திருத்தாமலே வேலை வாங்க உதவுகின்றன. நேம்ஸ்பேஸ், உள்ளே நிரல்களை உண்மையாகவே ஓட்டவேண்டிய இடத்தில் பொருந்தும். மூன்றையும் ஒரே மரத்தில் கலப்பதுதான் ஆகாது. ஒன்றின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியாது.

கட்டி முடித்த இமேஜைத் திருத்தியே ஆகவேண்டும் என்ற அவசரமும் வரும். எக்ஸ்ட்4 இமேஜாக இருந்தால் மவுண்ட் செய்யவோ சுடோ கேட்கவோ தேவையில்லை. டீபக்எஃப்எஸ் என்ற கருவி இமேஜை வெறும் கோப்பாகவே திறந்து, உள்ளே கோப்பு எழுதவும் ஐநோடின் உரிமையாளர் எண்ணை மாற்றவும் செய்யும். சோதனை மேசைக்கு அது போதும். அடுத்த பில்டில் அந்தத் திருத்தம் இருக்காது.

இந்த வேலையில் இருப்பவர்கள் அடுத்த இமேஜை ஃபிளாஷில் ஏற்றுமுன் ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். டார் மூட்டையின் உள்ளடக்கத்தைப் பெயர்களாக அல்லாமல் எண்களாகப் பட்டியலிடுங்கள். அதில் உங்கள் சொந்தப் பயனர் எண் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தக் கோப்பை மட்டும் திருத்திவிட்டு அனுப்பாதீர்கள்; எந்தக் கட்டத்தில் அது பதிவேட்டுக்கு வெளியே எழுதப்பட்டது என்று கண்டுபிடித்து, அந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, மரத்தை முதலிலிருந்து மறுபடி கட்டுங்கள்.